கோபுரத்துக்கு மூத்த மணி

ஜவுளிக் கொள்முதலுக்காகச் சேலம், திருச்செங்கோடு, மல்லசமுத்திரம் பக்கமிருந்து சென்னைக்கு வருகிறவர்களுக்குப் பாரிமுனையின் கோடவுன் தெரு அத்துப்படி. துணி மூட்டைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு அந்தத் தெருவைக் கடந்துவிட்டால், நடந்தே போகும் தூரத்தில் ஆர்மீனியன் தெரு. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும் தெரு அது. அங்கேயே, அதிகம் பேர் ஏறிட்டுப் பார்க்காத கனத்த மரக்கதவு ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைந்தால் கல்லறைக் கற்கள் பாவிய முற்றம், ஒரு வெள்ளைத் தேவாலயம், அதன் பக்கத்திலேயே தனிக் கட்டடமாக எழும்பி நிற்கும் மூன்றடுக்கு மணிக்கோபுரம்.

இந்த வளாகத்தில் ஆண்டுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. வாசலில் 1712 என்று எழுதியிருக்கிறது. தேவாலயக் கட்டடம் எழுந்தது 1772-இல். கோபுரத்தில் தொங்கும் மணிகளில் மூத்தது தன் உடம்பில் தாங்கியிருப்பது 1754-ஐ. அதாவது, தேவாலயத்தைவிட மணிக்குப் பதினெட்டு வயது அதிகம். எந்தக் கட்டடத்திலும் கடைசியில் வந்து சேர்வதுதான் மணி. சுவர் எழும்பி, கூரை மூடி, கோபுரம் முடிந்தபின் கயிறு கட்டி மேலே ஏற்றுவார்கள். இங்கே முறை தலைகீழாக இருக்கிறது. ஏன் என்று தேடினால் ஈரானில் தொடங்கி மணிலா வரை போக வேண்டியிருக்கிறது.

காக்கசஸ் மலைப்பகுதியின் ஜுல்ஃபா நகரத்து ஆர்மீனியர்களை 1604-05-இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் வேரோடு பெயர்த்து, தன் தலைநகரமான இஸ்ஃபஹானுக்குப் பக்கத்தில் குடியமர்த்தினார். அந்தக் குடியிருப்புக்குப் புதிய ஜுல்ஃபா என்று பெயர். பட்டு வணிகம் தெரிந்த கைகள் அரசருக்குத் தேவைப்பட்டன. அங்கிருந்து கிளம்பிய ஆர்மீனிய வணிகர்கள் ஐரோப்பா முதல் கிழக்காசியா வரை பரவினார்கள். சூரத், ஆக்ரா, சைதாபாத், மதராஸ் என்று இந்தியாவிலும் அவர்களுக்குக் கிளைகள் இருந்தன. எந்த நாட்டு அரசும் அவர்கள் பின்னால் இல்லை. அதனால் எந்த அரசோடும் பகையும் இல்லை. ஸ்பானியர் ஆண்ட மணிலாத் துறைமுகத்தில் ஆங்கிலேயக் கப்பலுக்கு இடமில்லாத காலத்தில், சோழமண்டலக் கரையின் துணி ஆர்மீனியர் பெயரில் அங்கே போய் இறங்கியது.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இவர்களைத் தன் பக்கம் இழுக்க நினைத்தது. 1688 ஜூனில் லண்டனில் கோஜா பானோஸ் கலந்தார் என்ற ஆர்மீனிய வணிகரோடு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. கம்பெனியின் கோட்டைகளிலும் ஊர்களிலும் நாற்பது ஆர்மீனியர் குடியேறினால், கோயில் கட்ட இடமும், பாதிரியாருக்கு ஏழு ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 50 பவுனும் தருவதாக வாக்குக் கொடுத்தது. தலைக்கணக்கு பார்த்துத் தேவாலயம் தரும் வியாபார ஒப்பந்தம்! மதராஸில் 1712-இல் எழுந்த முதல் ஆர்மீனியத் தேவாலயம் அந்தக் காலத்துக் கூட்டுறவின் விளைவு. வாசலில் இருக்கும் ஆண்டு அதற்குரியது.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அது நின்றது இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கத்தில், கோட்டைச் சுவரை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தில். 1746-இல் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தது. மூன்று ஆண்டு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த நகரம், ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 1749-இல் ஆங்கிலேயரிடம் திரும்பியது. வந்தவுடன் அவர்கள் செய்த காரியங்கள் இரண்டு. பிரெஞ்சுக்காரரோடு ஒட்டி உறவாடினார்கள் என்ற சந்தேகத்தில் கத்தோலிக்கர்களையும் ஆர்மீனியர்களையும் கோட்டைக்குள்ளிருந்து வெளியேற்றினார்கள். கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கத் தேவாலயத்தை இடித்தார்கள். இரண்டாவது, கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே மறைப்பு எதுவும் இருக்கக்கூடாது என்று பழைய கறுப்பர் நகரத்தைப் படிப்படியாகத் தரைமட்டமாக்கினார்கள். பீரங்கிக் குண்டு தடையில்லாமல் பாய வேண்டிய அந்த வெற்றிடம்தான் எஸ்பிளனேடு. ஆர்மீனியரின் முதல் தேவாலயமும் அப்படியே மறைந்தது.

ஆக, 1754 என்ற ஆண்டு மணியில் பொறிக்கப்பட்டபோது, மதராஸ் ஆர்மீனியர்கள் கோட்டையிலிருந்து துரத்தப்பட்டவர்கள். அப்படியிருந்தும் மணிக்குப் பணம் கொடுக்க ஆள் இருந்தது.

பின்னால் வந்த தேவாலயத்துக்கு இடம் கொடுத்தவர் ஆகா ஷாமியர் சுல்தான். ஆர்மீனிய வரலாற்றில் ஷாஹாமிர் ஷாஹாமிரியான் என்று அறியப்படுபவர். பட்டிலும் ரத்தினத்திலும் பணம் பார்த்த வணிகர். 1765-இல் இறந்த மனைவி அன்னாவின் நினைவாக, தன் குடும்பத்துச் சிற்றாலயம் இருந்த நிலத்தை அவர் எழுதிக்கொடுக்க, 1772-இல் இப்போதைய தேவாலயம் எழுந்தது. அவருடைய குடும்பம் மதராஸில் ஓர் அச்சகமும் வைத்திருந்தது. வரப்போகும் சுதந்திர ஆர்மீனியாவுக்கு ஓர் அரசியல் சட்டத்தையே எழுதி, 1773 என்று ஆண்டிட்டு அங்கே அச்சுக்குக் கொடுத்தார்கள். சொந்த மண்ணில் நாடு இல்லாதவர்கள், வங்கக்கடல் ஓரத்தில் உட்கார்ந்து நாட்டுக்குச் சட்டம் எழுதினார்கள். இங்கிருந்தே 1794-இல் ‘அஸ்தரார்’ வெளிவந்தது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை. அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மாவோனியன் 1824-இல் இறந்தார். மணிக்கோபுரத்துக்குப் போகிற வழியிலேயே, இதே வளாகத்தில், அவர் கல்லறையைப் பார்க்கலாம்.

கோபுரத்துக்குள் குறுகிய மரப்படிகள். மேலே ஆறு மணிகள். விட்டம் 21 முதல் 26 அங்குலம். எடை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிலோ. சென்னையின் மிகக் கனமான தேவாலய மணிகள் இவைதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆறும் ஒரே நாளில் வந்தவை அல்ல. வெவ்வேறு குடும்பங்கள், வெவ்வேறு துக்கங்களின்போது கொடுத்தவை. பத்தொன்பது வயதில் இறந்த எலியாசர் என்ற இளைஞனின் நினைவாக ஒரு மணி தொங்குகிறது. அவன் ஷாமியர் குடும்பத்துப் பிள்ளை. 1754-ஐச் சேர்ந்த மணி பின்னர் உருக்கப்பட்டு 1808-இல் மறுபடி வார்க்கப்பட்டது. அதில் ஆர்மீனிய எழுத்தோடு தமிழ் எழுத்தும் இருக்கிறது. வார்த்த கைகளும் இழுத்த கைகளும் எந்த ஊர்க் கைகள் என்பதை அந்தத் தமிழ் சொல்லிவிடுகிறது.

1837-ஆம் ஆண்டு மணிகள் இரண்டில் தாமஸ் மியர்ஸ், லண்டன் என்று வார்த்தவர் பெயர். லண்டனின் கிழக்கே ஒயிட்சாப்பல் பகுதியில் இருந்த மணி வார்ப்படச்சாலையின் முதலாளி அவர். 1570-இல் தொடங்கியதாகக் கணக்குச் சொல்லும் அந்தப் பட்டறையில்தான் அமெரிக்காவின் ‘சுதந்திர மணி’ 1752-இலும், லண்டன் நாடாளுமன்றத்தின் ‘பிக் பென்’ 1858-இலும் வார்க்கப்பட்டன. பிக் பென் பதின்மூன்றரை டன். அதற்கு முன்னால் சென்னை மணி குழந்தை. ஆனால் பிறந்த வீடு ஒன்று.

மணிக்கோபுரத்தைத் தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியே கட்டுவது ஆர்மீனியரின் பழைய வழக்கம். வட ஆர்மீனியாவின் ஹக்பாத் மடத்தில் 1245-இல் கட்டிய தனி மணிக்கோபுரம் இன்றும் நிற்கிறது. புதிய ஜுல்ஃபாவின் வாங்க் பேராலயத்திலும் 1702-இல் எழுந்த மணிக்கோபுரம் தனியாகத்தான் இருக்கிறது. ஆர்மீனியன் தெருவுக்கு வருகிறவர்கள் பார்ப்பது, பாரசீகம் சுற்றி வந்து சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் மறுபடி உருவெடுத்த அந்த வழக்கத்தைத்தான். அதே நகரத்தில் ஆங்கிலேயர் கட்டியவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 1821-இல் எழும்பூர்ப் பக்கம் தாமஸ் டி ஹாவிலண்ட் கட்டிய புனித ஆண்ட்ரூஸ் கர்க்கில் கூர்நுனிக் கோபுரம் தேவாலயத்தின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது.

மணிக்கான உலோகம் நமக்குப் புதிதல்ல. செம்பு நாலு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு என்ற கணக்கை ஒட்டிய வெண்கலம். வெள்ளீயம் கூடக் கூட நாதம் கூடும். கூடவே உலோகம் நொறுங்கும் குணமும் கூடும். ஐரோப்பிய வார்ப்பர்கள் அந்த விளிம்பிலேயே நடந்தார்கள். சிலையென்றால் இங்கே மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வழியவிட்டு உலோகம் ஊற்றுவது சுவாமிமலை வழி. ஒயிட்சாப்பலில் உள்கூடு, வெளிக்கூடு என்று இரண்டு அச்சு செய்து இடைவெளியில் ஊற்றினார்கள். அச்சு மண்ணில் அவர்கள் கலந்தது ஆட்டு மயிரும் குதிரைச் சாணமும். ஊற்றும்போது கிளம்பும் ஆவி வெளியேற, எரிந்துபோன மயிர் விட்டுச் செல்லும் நுண்துளைகள் வழி கொடுத்தன.

அடிக்கும் முறையில்தான் கோயிலும் தேவாலயமும் பிரிகின்றன. கோயில் காண்டாமணி அசையாது. நாக்கை இழுத்து விளிம்பில் மோதவைப்பார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் மணியையே ஊஞ்சலாட்டுவார்கள். இங்கிலாந்தில் ஒரு படி மேலே போய், மணியைத் தலைகீழாக நிறுத்தி, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழு வட்டம் சுற்றவைத்தார்கள். எட்டு மணி இருந்தால் எட்டு ஆள் வேண்டும். யாருக்கு அடுத்து யார் என்ற வரிசை, சுற்றுக்குச் சுற்று கணக்கு பிசகாமல் மாறிக்கொண்டே போகும். இந்த வசதியோடு கட்டிய கோபுரங்கள் இந்தியாவில் மிகச் சில. புனே பாஞ்ச் ஹௌத்தில் 1893-இல் எழுந்த கோபுரத்தில் லஃப்பரோ நகரத்து டெய்லர் பட்டறையின் எட்டு மணிகள் உண்டு. மும்பை கொலாபாவின் ஆப்கன் தேவாலயத்திலும் 1904-இல் அதே பட்டறையின் எட்டு மணிகள் ஏறின. மணி சுழன்றால் கோபுரமே ஆடும். அந்த ஆட்டத்தைத் தாங்கச் சுவர் பருமனாக இருக்க வேண்டும். மதராஸ் ஆர்மீனியர் இந்தச் சிக்கலுக்குள் போகவில்லை. கயிறு, நாக்கு, அவ்வளவுதான்.

கட்டடம் நகராது. மணி நகரும். எடைக்கு விலை உண்டு, கப்பலில் ஏற்றலாம், பிடித்துக்கொண்டு போகலாம், உருக்கலாம். அதனால்தான் காலனிக் காலத்து மணிகளின் கதை பெரும்பாலும் இடம் பெயர்ந்த கதையாக இருக்கிறது.

1739 மே மாதம், பேஷ்வா முதலாம் பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா, போர்ச்சுகீசியரிடமிருந்து மும்பைக்கு வடக்கே இருந்த வசாய் கோட்டையைப் பிடித்தார். கோட்டைக்குள் தேவாலயங்கள் பல, மணிகள் பல. மராட்டியர்கள் அவற்றை உருக்கிப் பீரங்கி செய்யவில்லை. யானை, வண்டி என்று ஏற்றிச் சென்று தங்கள் கோயில்களில் கட்டினார்கள். நாசிக்கில் கோதாவரிக் கரையின் நாரோசங்கர் கோயிலில் தொங்குவது 1721 என்று ஆண்டு பொறித்த தேவாலய மணி. வாய் நகரத்துக்குப் பக்கத்தில் மேணவலியில் நானா பட்னவிஸ் கட்டிய கோயில் துறையில் இருப்பது 1707-ஆம் ஆண்டு மணி. பீமாசங்கரத்து ஜோதிர்லிங்கக் கோயில் முன்னாலும் ஒன்று. மாதாவின் உருவமும் சிலுவையும் தாங்கிய மணிகளை மகாதேவருக்கு முன்னால் அடித்து நமஸ்கரிப்பதில் அங்கே யாருக்கும் சங்கடம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் மதம் மாறியது மணியைச் சுற்றியிருந்த கட்டடம். போர்ச்சுகீசியரின் அற்புத மாதா தேவாலயத்துக்காக 1648-இல் வார்த்த மணி, 1658-இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியதும் கத்தோலிக்கத்தை விட்டுச் சீர்திருத்தச் சபைக்குப் போனது. 1706-இல் ஒல்லாந்தர் கோட்டைக்குள் சிலுவை வடிவில் புதுத் தேவாலயம் கட்டியபோதும் கூப்பிடும் வேலையைப் பழைய மணியே பார்த்தது. கொழும்பு புறக்கோட்டையில் கைமன் வாசல் என்ற இடத்தில் தனியே நிற்கும் மணிக்கோபுரத்துக்கும் இதே போன்ற கதை. அதன் மணி கோட்டே நகரத்துப் போர்ச்சுகீசியத் தேவாலயம் ஒன்றிலிருந்து வந்தது என்று நம்புகிறார்கள். ஞாயிறு காலையில் மேட்டின் மீதிருந்த வுல்ஃபெண்டால் தேவாலயத்துக்கு ஆட்களை அழைத்த அதே மணி, இரவில் சாராயக்கடைகளைச் சாத்தச் சொல்லியும் அடித்தது.

எதிர்த் திசையில் போன மணியும் ஒன்று உண்டு. 1830-களில் நியூசிலாந்தின் வட தீவில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, மாவோரிப் பெண்கள் கிழங்கு வேகவைக்கும் பாத்திரத்தைப் பார்த்தார். அது உடைந்த வெண்கல மணியின் மேல்பாதி. அதைச் சுற்றித் தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் எழுதியிருந்தது. இன்று வெலிங்டன் தேசிய அருங்காட்சியகத்தில் அது பத்திரமாக இருக்கிறது. எந்தக் கப்பல், எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று இன்னும் வாதாடுகிறார்கள். உடைந்தும் வாய் திறந்து பேசுகிறது மணி. பேசவைப்பது அதன் மேலுள்ள எழுத்து.

சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கிறிஸ்தவம் வந்தபோது மணிக்கோபுரம் கூட வரவில்லை. 1623-இல் மதுரையிலிருந்து திருச்சி வழியாக ராபர்ட் டி நோபிலி கிளம்பினார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, துறவிபோல வாழ்ந்த இத்தாலிய சேசுசபைப் பாதிரியார். தத்துவ போதகர் என்ற பெயரில் தமிழில் எழுதியவர். அவர் வந்து சேர்ந்த ஊர், நாமக்கல்லுக்கு வடக்கே கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம். அங்கே ராமச்சந்திர நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். அங்கிருந்து சேலம் போனார். ஆட்சியைத் தம்பியிடம் இழந்து சேலத்தில் வாழ்ந்த திருமங்கல நாயக்கர் அவரிடம் பாடம் கேட்டு, 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார். ஐரோப்பிய அடையாளம் எதுவும் வெளியே தெரியக்கூடாது என்பதுதான் டி நோபிலியின் வழிமுறை. லண்டனிலோ கோவாவிலோ வார்த்த மணியை அவர் சேந்தமங்கலத்தில் கட்டியிருந்தால், அவர் சொல்ல வந்தது முதல் நாளிலேயே கெட்டிருக்கும்.

மணிக்கோபுரம் வருவதற்கு ஆட்சி வர வேண்டியிருந்தது. திருச்செங்கோடும் சங்ககிரியும் சேலமும் மைசூர் ஆட்சியில் இருந்தன. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்தவற்றில் பாராமஹாலும் சேலமும் சேர்ந்தன. கர்னல் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாக வந்த இளைஞர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்தார்கள், வரி போட்டார்கள். கம்பெனியின் வணிக முகவரும் சேலத்தில் உட்கார்ந்து நெசவாளர்களிடம் துணி வாங்கினார். அந்தப் பதவியில் இருந்த சார்லஸ் கார்ப்பெண்டர், நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் மைத்துனர். இதற்கெல்லாம் பிறகே, 1827-இல் லண்டன் மிஷன் சங்கத்தின் ஹென்றி கிறிஸ்ப் சேலத்தில் மிஷனைத் தொடங்கினார். மலை மேல் ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயம் 1853-இல் வந்தது. காப்பித் தோட்டத் துரைமாருக்கான தேவாலயம் அது. சேலம் நகரத்தின் கிறைஸ்ட் சர்ச் 1875-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் வடிவமைப்பாளர் ராபர்ட் சிஷோம், மதராஸில் மாநிலக் கல்லூரியையும் பல்கலைக்கழக செனட் மண்டபத்தையும் வடிவமைத்த அதே ஆள்.

ஆட்சி நிலைபெற்ற பிறகு எழுந்த அந்தத் தேவாலயத்துக்கும், துரத்தப்பட்ட காலத்திலும் மணிக்குப் பணம் சேர்த்த ஆர்மீனியருக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒருவருக்கு மணி அதிகாரத்தின் குரல். மற்றவருக்கு, இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு.

மல்லசமுத்திரத்தின் காலக்கணக்கு வேறு வகையில் ஓடியது. நிழல் அளந்து வேலை, கோயில் பூசை மணி, சந்தை கூடும் நாள், ஏலம் போடும் நாள். பருத்தி ஏலம் இன்றும் அங்கே கூட்டுறவுச் சங்கத்தில் நடக்கிறது. அந்தச் சமவெளிக்கு நிமிடக் கணக்கைக் கொண்டு வந்தது தேவாலயம் அல்ல, ரயில். 1860-களின் தொடக்கத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து சேலம், சங்ககிரி, ஈரோடு வழியாக மேற்குக் கரைக்கு ரயில்பாதை போனது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் நிலைகொண்ட மதராஸ் வானோக்கு நிலையம் கணித்த நேரத்தைத்தான் ரயில்வே பிற்பாடு நாடு முழுக்கக் கடைப்பிடித்தது. 1906 ஜனவரியில் இந்தியப் பொது நேரம் வரும்வரை அந்த ‘மதராஸ் நேரம்’ ஓடியது. ரயில் நிலையத்தில் தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு அடித்தார்கள். பிறகு ஆலைச் சங்கு வந்தது. அதன் பின் யாருக்கும் நேரம் சொல்ல மணிக்கோபுரம் தேவைப்படவில்லை. சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஞாயிற்றுக்கும் மட்டும் அடிக்கும் வேலை மிஞ்சியது.

ஆர்மீனியன் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு மணி அடிக்கும் வழக்கம் இருக்கிறது. அடித்தால் வர ஆர்மீனியச் சமூகம் நகரத்தில் இல்லை. வழக்கமான வழிபாடும் கிடையாது. காப்பாளர் கயிற்றை இழுக்கிறார். வளாகத்தைக் கொல்கத்தாவில் இருக்கும் ஆர்மீனியத் தேவாலயக் குழு பராமரிக்கிறது. முற்றத்தில் ஏறத்தாழ 350 கல்லறைகள். மதராஸின் பெரும் புரவலர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தையும், பரங்கிமலை ஏறும் படிகளையும் தன் சொந்தப் பணத்தில் கட்டியவர். 1751-இல் இறந்தபோது வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டார்.

லண்டன் பட்டறையும் போய்விட்டது. ஒயிட்சாப்பல் வார்ப்படச்சாலை 2017-இல் கதவைச் சாத்தியது. ஏறத்தாழ நானூற்று ஐம்பது ஆண்டுத் தொழில். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ஐரோப்பாவெங்கும் கழற்றிய மணிகள் ஏறத்தாழ 1,75,000. அவற்றில் பெரும்பகுதியைப் போர்த் தளவாடங்களுக்காக உருக்கிவிட்டார்கள். அந்தக் கணக்கோடு பார்த்தால், வசாய் மணிகளைக் கோயிலில் கட்டிய மராட்டியர்கள் நல்ல காப்பாளர்களாகத் தெரிகிறார்கள். ஐரோப்பாவில் அழிந்துபோனவற்றின் வயதை ஒத்த மணிகள் ஆசியாவில் இன்னும் அடித்துக்கொண்டிருக்கின்றன.

சேலத்துக்கோ ஏற்காட்டுக்கோ போகிறவர்கள் பழைய தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடியையும் கூர்வளைவுகளையும் படமெடுத்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். அனுமதி கேட்டு, காப்பாளர் துணையோடு மணிவரை ஏற முடிந்தால் பார்க்க வேண்டியவை வேறு. முதலில் மணியின் தோள். ஆண்டும் வார்த்தவர் பெயரும் பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான் இருக்கும். அடுத்து இடுப்பு, கொடுத்தவர் பெயரும் யார் நினைவாக என்பதும் அங்கே. கட்டடத்தின் அடிக்கல்லில் இருக்கும் ஆண்டோடு அதை ஒப்பிட வேண்டும். மணி பிந்தியது என்றால், ஊரில் பணம் சேர அத்தனை காலம் ஆயிற்று என்று பொருள், அல்லது பழைய மணி உடைந்து புதிது வந்திருக்கும். மணி முந்தியது என்றால் அது வேறெங்கோ ஒலித்துவிட்டு வந்தது.

பிறகு கீழ்விளிம்புக்குச் சற்று மேலே, உலோகம் தடித்திருக்கும் இடத்தை உள்பக்கமாகத் தடவிப் பார்க்கலாம். நாக்கு மோதி மோதி அங்கே பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் ஆழமானால் மணி விரிசல் விடும். பிக் பென் அடிக்கத் தொடங்கிய ஆண்டே, 1859-இல், விரிசல் கண்டது. அதைத் தூக்கி எறியாமல் சற்றே திருப்பி, சுத்தியலையும் சிறிதாக்கி மறுபடி அடிக்கவைத்தார்கள். எந்தப் பழைய மணியிலும் இப்படி இரண்டாவதாக ஒரு பள்ளம் தென்பட்டால், அதை யாரோ ஒரு கொல்லர் மேலே ஏறி, மூட்டைக் கழற்றி, திருப்பி மாட்டியிருக்கிறார். சபைக் கணக்குப் புத்தகத்தில் அந்தக் கூலி எத்தனை ரூபாய் என்று ஒரு வரி இருக்கும்.